குறிப்பில் அவர் நலமாக இருந்தார்

அந்தக் கருவி எங்கள் கைக்கு வந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததை மனதில் வைத்துக்கொண்டு, ஆரம்பத்திலிருந்தே எனக்குச் சந்தேகம் இருந்தது என்று எழுதினால் அது பொய்.

நான் கோலார் தங்கவயலில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். ஆஸ்பத்திரிகள் இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டவர்களைக் கடைசிவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் சின்னத் தொண்டு அமைப்பு எங்களுடையது. புற்றுநோய்க்காரர்கள், பக்கவாதம் வந்து படுத்தவர்கள், இவர்களோடு சுரங்கத்தில் கல் தூசியைச் சுவாசித்து நுரையீரல் இறுகிப்போன பழைய தொழிலாளர்கள். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. உள்ளே போன தூசி மட்டும் அவர்கள் நெஞ்சிலேயே தங்கிவிட்டது.

டாக்டரம்மா பெங்களூரில் இருந்தார். பல ஊர்களுக்கு அவர் ஒருவர்தான். நாங்கள் எழுதி அனுப்பும் குறிப்பைப் படித்து, மருந்தைக் கூட்டச் சொல்வார், குறைக்கச் சொல்வார். பகல் முழுக்க வெயிலில் சுற்றிவிட்டு, சாயங்காலம் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டைப் பற்றியும் இங்கிலீஷில் எழுதுவது எங்களுக்குப் பெரிய தண்டனை. எழுதி முடித்து வீட்டுக்குப் போனால் என் மகளிடம் பேசக்கூடத் தெம்பு இருக்காது. நோயாளி பேசும்போதே பாதி கவனம் எழுத்தில் இருக்கும். அவர் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்தபடியே "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருப்போம்.

அப்படி இருந்தபோதுதான் பெங்களூரிலிருந்து ஓர் இளைஞர் வந்து எங்கள் ஃபோன்களில் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தார். "நீங்க சும்மா பேசுங்க சிஸ்டர். ஏஐ கேட்டு, அதுவே இங்கிலீஷ்ல நோட் எழுதிடும். தமிழ், கன்னடம், தெலுங்கு, எல்லாம் கலந்து பேசினாலும் புரிஞ்சுக்கும்" என்றார். குக்கர் விசில், தெரு நாய், பக்கத்து வீட்டு டிவி எல்லாவற்றையும் சத்தம் என்று நீக்கிவிட்டுப் பேச்சை மட்டும் எடுத்துக்கொள்ளும் என்றார். சோதித்துப் பார்த்தோம். எங்கள் அலுவலகத்துக்கு வெளியே ஆட்டோ ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. குறிப்பில் ஆட்டோவே இல்லை. எல்லோரும் கை தட்டினோம்.

முதல் சில வாரங்கள் எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. நான் மறுபடியும் முகங்களைப் பார்த்தேன். ஃபோனைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் ஒருவருடைய வீங்கிய காலைப் பிடித்துப் பார்க்க முடிந்தது. சாயங்காலம் குறிப்புகள் தயாராக இருக்கும். ஒருமுறை படித்து, தவறு இருந்தால் திருத்தி, சரி என்று அழுத்தினால் டாக்டரம்மாவுக்குப் போய்விடும்.

தங்கவயலின் சாம்பியன் ரீஃப்ஸ் பகுதியில், லைன் வீடு ஒன்றில் இருந்தார் நான் சொல்லவந்த பெரியவர். வரிசையாகச் சுவர் ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளை நாங்கள் லைன் என்போம். என் அப்பாவும் சுரங்கத்துக்குள் இறங்கியவர்தான். அதனால் அவரைப் பெரிப்பா என்றும் அவர் மனைவியைப் பெரிம்மா என்றும் கூப்பிடுவேன். பெரிப்பாவுக்கு அப்போது எழுபது கடந்திருக்கும். ஒரு காலத்தில் நல்ல ஆகிருதியான ஆள் என்பது தோள் எலும்பின் அகலத்தைப் பார்த்தால் தெரியும். சதை மட்டும் போய்விட்டது. மூக்கில் ஆக்சிஜன் குழாய். கட்டில் பக்கத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் பெரிம்மா அட்டையை எடுத்து விசிறுவார். அதனால் ஒரு பயனும் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

பேச்சைப் பதிவு செய்யலாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டும் என்பது விதி. கேட்டேன்.

"எய்தட்டும், எனக்கு இன்னா" என்றார் பெரிப்பா. மூச்சு வாங்கிக்கொண்டு, "நடுவுல கெட்ட வார்த்த வந்துச்சின்னா... அதயும் எய்துமா?"

"எழுதாது பெரிப்பா."

"அப்ப அது பாதி ஆளுதான்."

பெரிம்மா அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். குறிப்பு எழுதி முடிந்ததும் குரலை அழித்துவிடுவார்கள், வெளியே யாருக்கும் போகாது என்று நான் இருவருக்கும் விளக்கினேன். அதைச் சொல்வதும் விதிதான்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், எப்போதும் "ஒண்ணும் இல்ல, நல்லாகீறேன்" என்பார். மூச்சு வாங்குதா என்றால் "இல்ல" என்பார். அந்த "இல்ல"வைச் சொல்லவே அவருக்கு ஒரு மூச்சு முழுதாகத் தேவைப்படும். என் அப்பாவும் அப்படித்தான் சொல்வார். சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில், இளைப்பு இருக்கிறது என்று மருத்துவச் சோதனையில் வாயைத் திறந்தால் கீழே இறங்க விடமாட்டார்கள். மேலே வேறு வேலைக்குத் தள்ளிவிடுவார்கள். அந்தப் பயத்தில் பழகிய நாக்கு. சுரங்கம் போன பிறகும் அது மாறவில்லை.

நான் கையால் எழுதிய காலத்தில், "நன்றாக இருப்பதாகச் சொல்கிறார், ஆனால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை, கழுத்துத் தசைகள் இழுக்கின்றன" என்று எழுதுவேன். இப்போது வந்த குறிப்பில், "நோயாளி நலமாக உணர்கிறார். மூச்சுத்திணறல் இல்லை என்கிறார்" என்று சுத்தமான இங்கிலீஷில் இருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பதற்காக அவர் இரவெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார். நான் கேட்டபோது, "எனக்கு உக்காந்துகினு தூங்கறதுதான் புடிக்கும்" என்றார். "உட்கார்ந்து உறங்குவதை விரும்புகிறார்" என்று குறிப்பு வந்தது. நான் சிரித்துக்கொண்டே திருத்தினேன். ஒவ்வொரு வாரமும் திருத்தினேன். அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

அந்த மழைக்காலத்தில் பூதிகோட்டைப் பக்கக் கிராமங்களில் புதிதாகப் பணி தொடங்கியது. என்னை அங்கே அனுப்பினார்கள். சாம்பியன் ரீஃப்ஸ் வீடுகளைப் பார்க்க ஒரு புது நர்ஸ் வந்தாள். பங்காருபேட்டைப் பெண். வீட்டில் கன்னடம் பேசுவாள், தமிழ் நன்றாகவே புரியும். துடிப்பானவள், நோயாளிகளைக் கை கூசாமல் தொடுவாள். என்னிடமிருந்த வீடுகளோடு இன்னும் சில வீடுகளையும் சேர்த்து அவளிடம் கொடுத்தார்கள். கருவி வந்துவிட்டதால் எழுத்து வேலை குறைந்துவிட்டது, ஆகவே ஒருவர் கூடுதல் வீடுகளைப் பார்க்கலாம் என்பது கணக்கு.

அவள் பெரிப்பாவைப் பார்க்கப் போன ஒரு நாளில், அவர் வழக்கமான "நல்லாகீறேன்" சொல்லிவிட்டு, அதற்குமேல் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறார். நெஞ்சு எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டதற்கு, "கேஜ்ல ஆளுங்கள ரொம்ப ஏத்திட்ட மாதிரி கீதும்மா" என்று. பெரிம்மாதான் இதைப் பின்னால் என்னிடம் சொன்னார். கேஜ் என்பது தொழிலாளர்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டு. ஆட்கள் நெருக்கியடித்து நிற்பார்கள், கையைத் தூக்க இடம் இருக்காது, கீழே போகப் போகக் காற்று அடர்ந்து சூடாகும். அவர் தன் வேதனையை வாய்விட்டுச் சொன்னது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

குறிப்பு அதை, "நோயாளி கூட்டமான லிஃப்டில் சென்றுவந்ததாகக் கூறினார். வெளியே நடமாடுகிறார்" என்று எழுதியது. அவள் பத்துக் குறிப்புகளோடு சேர்த்து அதையும் பார்த்துவிட்டுச் சரி என்று அழுத்தியிருக்கிறாள்.

நலமாக உணர்கிறார், மூச்சுத்திணறல் இல்லை, வெளியே நடமாடுகிறார். செயலி நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துக் காட்டும். பெரிப்பா பச்சைக்குப் போனார். டாக்டரம்மா குறிப்பைப் படித்தார், ஒப்புக்கொண்டார். வாரம் ஒருமுறை இருந்த வருகை மாதம் ஒருமுறை என்று ஆனது. மூச்சுமுட்டலுக்காகக் கொடுத்துவந்த மார்ஃபின் அதே அளவிலேயே நின்றது.

பூதிகோட்டை வேலை ஒழுங்குக்கு வந்தபின் ஒரு நாள் காலையில் நான் சாம்பியன் ரீஃப்ஸ் போனேன். வேறு ஒரு வீட்டுக்குத்தான் போனேன். பெரிப்பாவையும் பார்த்துவிட்டு வரலாம் என்று லைனுக்குள் நுழைந்தேன். வாசலுக்கு முன்பே அவர் மூச்சு கேட்டது. ஈரமான மரத்தை அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். உள்ளே நாற்காலியில், முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் தலையணை வைத்து, அதில் கைகளை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம். முதுகில் சட்டை இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்தது. என்னைப் பார்த்து ஒரு விரலை மட்டும் தூக்கினார். "ஒண்ணும் இல்ல" என்பதற்கு இப்போது அவரிடம் மூச்சு இல்லை.

"எத்தினி நாளா இப்பிடி பெரிம்மா?"

"ஆவுது, ரொம்ப நாளு. தூங்கறதே இல்ல. சோறு துன்ன முடியல. கஞ்சி குடுத்தாலும் மூச்சு நின்னுபூடுமோன்னு பயப்பட்றாரு."

"ஏன் எங்களுக்கு ஃபோன் பண்ணல? நம்பர் செவுத்துல ஒட்டியிருக்குதே."

பெரிம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அந்தப் பொண்ணு வந்து ஃபோன இங்கதான்மா வெச்சா, அவரு பக்கத்துல. எல்லாத்தயும் அது கேட்டுகினுதான இருந்துச்சி? இவரு மூச்சு விடற சத்தம் அடுத்த லைனு வரைக்கும் கேக்குது. டாக்டருக்கும் கேட்டிருக்கும். தெரிஞ்சிதான் வரல, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது போலன்னு நெனச்சிகினேன். அவருகிட்ட கூட சொல்லல."

அத்தனை நாளும் அந்தப் பெண்மணி, தன் புருஷனைக் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்து, அதை அவருக்குத் தெரியாமல் மறைத்து, அட்டையால் விசிறிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் வாசலுக்கு வந்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும், எதிர் லைனில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் நோட்டைப் படிச்சேன் சிஸ்டர். நோட்ல அவர் நல்லா இருக்காரே. வெளியே போய்ட்டு வர்றார்னு போட்டிருக்கே" என்றார் அவர்.

"டாக்டர், இவர் கக்கூசுக்குப் போயே ஒரு மாசமாச்சு. பெட்பேன்தான்."

அதைத் திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு, "ஃபோனை அவர் பக்கத்துல கொண்டு போங்க. செயலி வேண்டாம், சாதாரண கால்லயே இருங்க" என்றார். கொண்டுபோய் அவர் வாயருகே பிடித்தேன். டாக்டரம்மா சில மூச்சுகளைக் கேட்டார். உடனே மார்ஃபின் எவ்வளவு, எத்தனை மணிக்கொருமுறை என்று சொன்னார். நான் அங்கேயே முதல் வேளை கொடுத்துவிட்டு, மூச்சு கொஞ்சம் தளர்ந்து இறங்கும்வரை அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாளே டாக்டரம்மா காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். குள்ளமான, அதிகம் பேசாத மனுஷி. கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். மருந்தினால் கொஞ்சம் மூச்சு கிடைத்திருந்தது அவருக்கு. கிடைத்த மூச்சை எடுத்து, "ஒண்ணும் இல்லம்மா... நல்லாகீறேன்" என்றார். டாக்டரம்மா தலையசைத்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெரிம்மாவிடம் திரும்பி, "நாங்க வராம இருந்தது தப்பும்மா. வேணும்னு வராம இல்ல. எங்களுக்குத் தெரியல" என்றார். பெரிம்மா, "தெரியலயா?" என்று கேட்டார். அந்தச் செய்தி ஆறுதலா, வலியா என்று அவருக்கே விளங்கவில்லை என்று நினைக்கிறேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நாங்கள் பேசியதையெல்லாம் என் ஃபோனும் வழக்கப்படி கேட்டுக்கொண்டிருந்தது. காரில் உட்கார்ந்து டாக்டரம்மா குறிப்பைத் திறந்தார். "நோயாளி நலமாக இருப்பதாகக் கூறுகிறார்" என்றுதான் தொடங்கியது. மூச்சைப் பற்றி ஒரு சொல் இல்லை. செயலியைப் போட்டுக் கொடுத்த இளைஞரை அங்கிருந்தே கூப்பிட்டார். அவர் மரியாதையாகத்தான் விளக்கினார். பேச்சு இல்லாத எந்த ஒலியையும் செயலி சத்தம் என்று கழித்துவிடும், மூச்சு இரைப்பும் அதில் போயிருக்கும் என்றார். டாக்டரம்மா ஃபோனை மடியில் வைத்துவிட்டு, தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் மலையாகக் குவிந்த சயனைடு மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை விட்டிருந்தது. மேட்டின் வெள்ளை மண் ஓடை ஓடையாகக் கரைந்து ரோட்டுக்கு வந்திருந்தது.

அன்று சாயங்காலம் அலுவலகத்தில் அந்தப் புது நர்ஸைப் பார்த்தேன். விஷயம் அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. கண் வீங்கியிருந்தாள்.

"அவரு மூச்சு எனக்குக் கேட்டுச்சுக்கா. நான் செவிடு இல்ல. எனக்கே அவ்ளோ கேக்குதுன்னா அதுக்கும் கேட்டிருக்கும்தானேன்னு நெனச்சேன். நான் தனியா எழுதணும்னு தோணல" என்றாள்.

அவளைத் திட்டத்தான் போயிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பெரிம்மா நினைத்ததையும் இவள் நினைத்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்றாகவே இருந்தது. அந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. கேட்காத ஒன்றை நம்பி எல்லோரும் சும்மா இருந்துவிட்டார்கள். இதை அவளிடம் சொல்லவில்லை. டீ வாங்கி வந்து கொடுத்தேன். அடுத்த மாதம் அவள் வேலையை விட்டுவிட்டுப் பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். நல்ல நர்ஸ். இருந்திருக்கலாம்.

மார்ஃபின் கூடியபின் பெரிப்பாவுக்குக் கொஞ்ச நாட்கள் நன்றாகப் போயின. நான் தினமும் போனேன். ரசம் சோறு இரண்டு வாய் சாப்பிட்டார். முகச்சவரம் செய்துகொண்டார். ஃபோனைப் பார்த்து, "இன்னா எய்திகினு கீறான் அவன்?" என்று கேட்பார். பெரிம்மாவை அருகில் கூப்பிட்டுத் துண்டு துண்டாக ஏதாவது பேசுவார். கல்யாணமான புதிதில் இருவரும் பங்காருபேட்டை சந்தைக்குப் போய்க் கடைசி ரயிலைத் தவறவிட்டு, தண்டவாளத்தோடு நடந்தே வந்ததை ஒருநாள் சொன்னார். சொல்லி முடிக்க ஒரு மதியம் ஆனது. குறிப்பில், "நோயாளி பழைய நினைவுகளைப் பகிர்ந்தார். மனநிலை சீராக உள்ளது" என்று வந்தது. தப்பில்லை. டாக்டரம்மாவுக்கு அது போதும்.

ஒரு பகல் வேளையில், சாப்பாட்டுக்கு முன்பு, அதே நாற்காலியில் அவர் இறந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது பெரிம்மா இயந்திரத்தை நிறுத்தியிருக்கவில்லை. அது ஆக்சிஜனை அனுப்பிக்கொண்டே இருந்தது. நான்தான் நிறுத்தினேன்.

காரியமெல்லாம் முடிந்தபின் இயந்திரத்தைத் திரும்ப எடுத்துவரப் போனேன். பெரிம்மா எனக்காகவே காத்திருந்தவர்போல் கேட்டார்.

"அவரு பேசனது ஃபோன்ல கீதில்ல? அந்த ரயில் விட்டுட்ட கத. எனக்கு ஒரே ஒரு தபா போட்டுக் காட்டு."

"இல்ல பெரிம்மா. எழுதி முடிச்சதும் அழிச்சிடுவாங்க."

"ஆமா. நீதான் சொன்ன." ஃபோனைக் காட்டினார். "அப்ப எய்தனது கீதா? அதப் படி."

எனக்கு மறுக்கத் தெரியவில்லை. திறந்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். நோயாளி பழைய நினைவுகளைப் பகிர்ந்தார். மனநிலை சீராக உள்ளது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் பெரிம்மா."

"நான் செருப்பு அந்துபோயி கையில எடுத்துகினு நடந்தேன்னாரே, அது?"

"இல்ல."

"என்ன 'இன்னாமே'ன்னு கூப்ட்டாரே. அது கூட இல்லயா?"

இல்லை. அவர் அழவில்லை. என் கையிலிருந்த ஃபோனை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். எனக்கு நினைவிருந்ததை நான் சொன்னேன். பாதி தப்பாகச் சொன்னேன். சந்தை நாள் செவ்வாய் இல்லை, வெள்ளி என்றார். செருப்பு தன்னுடையது இல்லை, அக்காவிடம் இரவல் வாங்கியது என்றார். அப்படியே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

எங்கள் அமைப்பில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். கருவியை நிறுத்தவில்லை. நிறுத்த முடியாது. அது இல்லாவிட்டால் இவ்வளவு வீடுகளைப் பார்க்க இந்த ஆட்கள் போதாது. எனக்கும் அந்தச் சாயங்கால எழுத்துக்குத் திரும்பிப் போக மனமில்லை. குறிப்பின் தலையில் ஒரு கட்டம் சேர்த்தார்கள், கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் நர்ஸ் கையாலேயே எழுத வேண்டும் என்று. அதை எழுதாமல் குறிப்பு போகாது. அவசர நாட்களில் அந்தக் கட்டத்திலும் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் இத்தனை வீடு பார்க்கலாம் என்ற கணக்கை யாரும் குறைக்கவில்லை.

பெரிம்மா லைன் வீட்டைப் பூட்டிவிட்டுப் பங்காருபேட்டையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போன மாதம் அந்தப் பக்கம் வேலை இருந்தது, போய்ப் பார்த்தேன். மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். முறத்தை என் பக்கம் நகர்த்தினார், நானும் உரித்தேன்.

"நம்ப லைன்ல இன்னும் யாரு யாருக்கு இளைப்பு கீது?" என்று கேட்டார்.

ஒவ்வொரு வீடாகச் சொன்னேன். குழாயடி வீட்டுக்காரர், சர்ச் பக்கத்து வீட்டில் இரண்டு அண்ணன் தம்பி, கடைசி வீட்டு டிரைவர். ஒவ்வொருவருக்கும் அவர் ஒரு கேள்வி கேட்டார். ராவுல படுக்கிறாரா, உக்காந்துகினுதானா. பொண்டாட்டி கூட கீறாளா. எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொன்னேன். கடைசி வீட்டுக்காரர் எப்படித் தூங்குகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. நாளைக்குப் போய்க் கேட்கிறேன் என்றேன்.

"கேக்காத" என்றார் பெரிம்மா. "போயி கொஞ்ச நேரம் உக்காந்து பாரு."